மூன்று நிமிட உணவு தந்த முதியவர்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவே தலையாயது என்பதைப் பசித்த வயிறு உணர்த்துமாறு வேறெந்த நூலும் உணர்த்தாது. நாடாண்ட மன்னர்க்கும், போர் வென்ற தளபதியர்க்கும் சரிதம் வரைந்த புலவர் பலர். அடுப்படியில் நின்று ஒரு புது உணவைக் கண்டு, அதனை எளியோர் கையில் கொடுத்தவர்க்குச் சரிதம் வரைந்தோர் மிகச் சிலரே. ஆதலின், இவ்வாண்டு மலரில் அத்தகையார் ஒருவரது வாழ்க்கையை நம் மாணவ நண்பர் முன் வைக்கத் துணிந்தோம்.

கல்லூரி விடுதிகளில் வாழும் மாணவர் யாவரும் நூடுல்ஸ் என்னும் உணவை அறிவர். மாதக் கடைசியில், கைப்பொருள் குறைந்தவிடத்து, நள்ளிரவிலும் ஒரு சிறு பொட்டலமும் இரண்டு குவளை வெந்நீரும் பசியாற்றுகின்றன. ஆயினும் அதனை உண்போருள் பலர் அதனை உண்பதாகச் சொல்ல நாணுகின்றனர். மலிவானது எதுவோ அது தாழ்ந்தது எனக் கொள்வது உலக வழக்கு. அவ்வழக்கு நேரியதுதானா என்பதை அவ்வுணவைக் கண்டவரது வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

பிறப்பும் இளமையும்

மொமோபுகு ஆண்டோ என்று உலகம் அறிந்த இப்பெரியார் 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள் தைவான் தீவில் பிறந்தார். அக்காலத்தில் அத்தீவு ஜப்பானியர் ஆட்சியின்கீழ் இருந்தது. பெற்றோர் இட்ட பெயர் வூ பை-பூ என்பது. பிற்காலத்தில் அவர் ஏற்ற மொமோபுகு என்னும் ஜப்பானியப் பெயரும் அதே எழுத்துக்களின் ஜப்பானிய ஒலிப்பேயாகும். நூறு நற்பேறு என்பது அதன் பொருள். பெயரில் நூறு பேறு இருந்தும், இளமையிலேயே தாய் தந்தையர் இருவரையும் இழக்கும் பேறின்மையே அவருக்கு முதலில் வாய்த்தது. தைனான் என்னும் ஊரில் துணிக்கடை வைத்திருந்த பாட்டனாரும் பாட்டியாரும் அவரை வளர்த்தனர். தறியின் ஓசையும் கணக்குப் பேரேடும் அவருக்கு முதற் பாடங்களாயின.

தமது இருபத்திரண்டாம் வயதில், 1932இல், தைப்பே நகரில் பின்னலாடை வாணிகம் தொடங்கினார். வாணிகம் தழைத்தது. அடுத்த ஆண்டே ஜப்பானின் பெரு வாணிக நகரமாகிய ஒசாகாவுக்குச் சென்று அங்கும் ஒரு நிறுவனம் அமைத்தார். பகலில் வாணிகமும், எஞ்சிய பொழுதில் ரித்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் கல்வியுமாக அவரது இளமை கழிந்தது.

இன்னல் மேல் இன்னல்

போர்க்காலம் வந்தது. விமான இயந்திரங்களின் உறுப்புக்களைச் செய்யும் தொழிலில் ஆண்டோவும் பங்கு கொண்டிருந்தார். அரசு கொடுத்த பொருள்களின் கணக்கில் குறை காணப்படவே, அதனைத் தாமே அதிகாரிகளிடம் முறையிட்டார். முறையிட்டவரையே இராணுவப் போலீசார் சிறைப்படுத்தித் துன்புறுத்தினர். அங்கே இட்ட உணவு உண்ணத்தகாததாயிருந்தது. முதலில் அதனை ஒதுக்கியவர், பசி மிக்க காலத்தில் அதனையே உண்ணவும் நேர்ந்தது. உணவின்றேல் மானமும் அறிவும் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை அவர் கற்ற இடம் அதுவே. வெளிவந்த பின்னும் குடல்நோய் அவரை நெடுங்காலம் வாட்டியது. 1945இல் ஒசாகாவின்மேல் நிகழ்ந்த விமானத் தாக்குதல்களில் அவரது வாணிக நிலையங்களும் எரிந்தொழிந்தன. அவ்வாண்டிலேயே மசாக்கோ என்னும் நங்கையாரை மணந்தார். பின்னர் வந்த துன்பங்கள் யாவற்றிலும் அவ்வம்மையார் பங்கு கொண்டார்.

போர் முடிந்த ஜப்பான் பசியால் வாடிய ஜப்பானாகும். ஒசாகாவின் உமேடா இரயில் நிலையத்தின் பின்புறம் கள்ளச் சந்தை ஒன்று தோன்றியிருந்தது. குளிர் மிகுந்த இரவொன்றில் அவ்வழியே சென்ற ஆண்டோ, நூடுல்ஸ் விற்ற ஒரு சிறு கடையின்முன் நீண்ட வரிசை நிற்பதைக் கண்டார். கந்தல் உடுத்தவர்கள் நடுங்கிக்கொண்டு நின்றனர். ஆவி பறக்கும் கிண்ணம் கைக்கு வந்தவுடன் அவர்கள் முகம் மலர்ந்தது. அக்காட்சி அவர் நெஞ்சில் பதிந்தது. ஆயினும் அது பயன் தருதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாயின.

இடைக்காலத்தில் கடலோரத்தில் உப்புக் காய்ச்சும் தொழிலை நடத்தினார். வேலையற்ற இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் கல்விக்குப் பொருளும் கொடுத்தார். 1948இல் வரி ஏய்த்த குற்றம் அவர்மீது சாட்டப்பட்டு மெய்ப்பிக்கப்பட்டது. மாணவர்க்குக் கொடுத்த உதவிப் பொருளே அக்குற்றத்துக்குக் காரணமாயிற்றென்பது அவர் பிற்காலத்தில் கூறிய விளக்கம். எதுவாயினும், ஏறக்குறைய ஈராண்டு சிறையில் கழிந்தது, சொத்தும் போயிற்று. பெரியார் வாழ்க்கையை எழுதுவோர் இத்தகைய பகுதிகளை மறைத்தல் உண்டு. நாம் மறைக்க விரும்பவில்லை. பின்னர் வந்த உயர்வின் அளவை அறிய வேண்டுமேல் முன்னிருந்த பள்ளத்தின் ஆழத்தையும் அறிதல் வேண்டுமன்றோ?

சிறை மீண்டு சில ஆண்டுகள் சென்றபின், கூட்டுறவுக் கடன் நிறுவனம் ஒன்றின் தலைமையை ஏற்குமாறு பலர் வேண்டினர். மறுக்க மாட்டாது ஏற்றார். 1957இல் அந்நிறுவனம் முறிந்தது. தலைவர் என்ற பொறுப்பினால் அவருடைய உடைமையெல்லாம் கைவிட்டுப் போயின. ஒசாகாவை அடுத்த ஈக்கேடா நகரில் குடியிருந்த வீடு ஒன்றே எஞ்சியது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தேழு.

கொல்லைப்புறக் குடிசை

நாற்பத்தேழாம் வயதில் எல்லாம் இழந்தவர் செய்யக்கூடியது யாது? உற்றாரை அண்டி வாழலாம், விதியை நொந்துகொண்டிருக்கலாம். ஆண்டோ வீட்டின் கொல்லையில் ஒரு சிறு குடிசை கட்டினார். பழைய நூடுல்ஸ் இயந்திரம் ஒன்றும், பெரிய வாணலி ஒன்றும், கோதுமை மாவும், எண்ணெயும் வாங்கினார். உமேடாவில் கண்ட வரிசை அவர் நினைவில் மீண்டும் எழுந்தது.

அக்காலத்தில் அமெரிக்க நாட்டுக் கோதுமை ஜப்பானுக்கு மிகுதியாக வந்துகொண்டிருந்தது. அதனைக்கொண்டு ரொட்டி உண்ணும் பழக்கத்தை அரசினர் பரப்பினர். கீழ்நாட்டு மக்கள் வழிவழியாக உண்டுவரும் நூடுல்ஸை ஏன் ஊக்கலாகாது என்று ஆண்டோ முன்னரே ஓர் அதிகாரியை வினவியிருந்தார். நூடுல்ஸ் செய்வோர் சிறு தொழிலாளராதலின் பெருமளவில் செய்ய இயலாதென்றும், வேண்டுமாயின் அவரே முயலலாம் என்றும் விடை கிடைத்தது. அவ்விடையை அவர் இப்பொழுது மெய்யாகவே ஏற்றுக்கொண்டார்.

தாம் காண விரும்பிய உணவுக்கு ஐந்து இலக்கணங்களை வகுத்துக்கொண்டார். சுவையுடையதாதல் வேண்டும், நெடுநாள் கெடாதிருத்தல் வேண்டும், சில நிமிடங்களில் ஆயத்தமாதல் வேண்டும், விலை மலிந்ததாதல் வேண்டும், உடலுக்குத் தீங்கற்றதாதல் வேண்டும் என்பன அவை. எழுதுதற்கு எளிய இவற்றைச் செயற்படுத்துதல் எளிதாயிருக்கவில்லை. மாவில் சாற்றைக் கலந்து பிசைந்தால் நூல் அறுந்தது. வெந்த நூலைச் சாற்றில் முக்கினால் ஒன்றோடொன்று ஒட்டியது. வெயிலில் உலர்த்தினால் மீண்டும் மென்மையுறவில்லை. நாள்தோறும் நான்கு மணி நேரமே உறங்கி, ஓராண்டுக் காலம் விடுமுறை நாளின்றி அவர் உழைத்தார். செய்ததை எறிவதும் மீண்டும் செய்வதுமாக நாட்கள் சென்றன. கடைசியில், பூவாளியால் செடிக்கு நீர் தெளிப்பது போல வெந்த நூலின்மேல் கோழிச் சாற்றைத் தெளித்துக் கையால் பிசிறிவிட்டால் சுவை சீராக ஊறுகின்றது என்று கண்டார்.

உலர்த்தும் வழி இன்னும் புலப்படவில்லை. ஒருநாள் மனைவியார் அடுக்களையில் தெம்புரா பொரித்துக்கொண்டிருந்தார். தெம்புரா என்பது காய்கறியையும் மீனையும் மாவில் தோய்த்து எண்ணெயில் இடும் ஜப்பானியப் பலகாரம்; நம் வீட்டு பஜ்ஜிக்கு உறவு என்னலாம். மாவு எண்ணெயில் விழுந்ததும் குமிழி எழுவதை ஆண்டோ உற்று நோக்கினார். அக்குமிழி மாவிலுள்ள நீர் ஆவியாய் வெளியேறுவதன் அடையாளம். நீர் வெளியேறிய இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகின்றன. நூடுல்ஸையும் அவ்வாறே பொரித்தால் அது விரைவில் உலரும், நீரின்மையால் கெடாது. பின்னர்க் கொதிநீர் ஊற்றுங்கால், அதே துளைகளின் வழியே நீர் உட்புகுந்து நூல் மீண்டும் மென்மையாகும். பல மாதங்கள் தேடிய விடை, நாள்தோறும் தம் வீட்டு அடுப்பிலேயே இருந்தது!

கோழிச் சாற்றைத் தேர்ந்ததற்கும் காரணமுண்டு. மாட்டிறைச்சியை விலக்கும் மக்கள் உளர். பன்றியிறைச்சியை விலக்கும் மக்களும் உளர். கோழியை விலக்கும் சமயமோ நாடோ அரிது என அவர் எண்ணினார். ஊண் முற்றும் விலக்கும் நம் நாட்டவர் பலர் அவர் கணக்கில் அகப்படவில்லை போலும்! எனினும், குடிசையில் இருந்துகொண்டே உலகத்துப் பந்தியை எண்ணிப் பார்த்த அம்மனத்தின் அகலம் வியக்கத்தக்கது.

சிக்கின் ராமென்

1958ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் சிக்கின் ராமென் என்னும் அவ்வுணவு விற்பனைக்கு வந்தது. கிண்ணத்தில் இட்டு வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் சில நிமிடங்களில் உணவு ஆயத்தம். மக்கள் அதனை மாய ராமென் என்று அழைத்தனர். விலை 35 யென். அந்நாளில் புதிதாகச் செய்த ஊடோன் நூடுல்ஸ் ஒன்று ஏறக்குறைய 6 யென்னுக்குக் கிடைத்தது. எளியோர் உணவெனத் தோன்றிய இது முதலில் ஆறு மடங்கு விலையுடையதாயிருந்தது என்பதை நோக்குக. மொத்த வியாபாரிகள் தயங்கினர். உண்டு பார்த்த மக்கள் தயங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அவரது நிறுவனம் நிஸ்ஸின் என்னும் பெயர் பெற்றது. பெரும் ஆலைகள் எழுந்தன. செய்யுமளவு பெருகப் பெருக விலையும் எளியோர்க்கு எட்டுவதாயிற்று.

புகழ் வந்தவிடத்து வழக்கும் வரும். போலிகள் மலிந்தன. பொரித்த நூடுல்ஸ் சீன நாட்டில் முன்னரே வழங்கியதுண்டு. தைவானைச் சேர்ந்த வேறொருவர் பெற்றிருந்த உரிமையை 1961இல் ஆண்டோவின் நிறுவனம் விலைகொடுத்து வாங்கவும் நேர்ந்தது. ஆதலின் முழுவதும் அவர் ஒருவரே கண்டார் எனக் கூறுதல் பொருந்தாது. பலரும் அரைகுறையாக அறிந்திருந்ததை ஓர் ஒழுங்குக்குட்படுத்திப் பல்லாயிரவர்க்கும் எட்டச் செய்தமையே அவர் செய்த அருஞ்செயல் எனலாம். 1964இல் அவர் தொழிலோர் சங்கம் ஒன்றை நிறுவித் தமது செய்முறையுரிமையைப் பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார். தனிமரமாய் ஓங்குவதினும் காடாய்ப் பரவுவதே நன்று என அவர் கருதினார் போலும்.

கடல் கடந்த கிண்ணம்

1966இல் அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கே கடைக்காரர்க்குத் தம் உணவைக் காட்டியபொழுது, ஏற்ற கிண்ணமும் உண்ணும் குச்சியும் அவர்களிடம் இல்லை. அவர்கள் நூடுல்ஸை ஒடித்துக் காகிதக் குவளையிலிட்டு, வெந்நீர் ஊற்றி, முள்ளுக்கரண்டியால் உண்டனர். பிறர் இதனை வேடிக்கையாகக் கண்டு மறந்திருப்பர். ஆண்டோவுக்கோ அது பாடமாயிற்று. பொட்டலமும், சமைக்கும் பாத்திரமும், உண்ணும் கலமும் ஒன்றேயாகலாம் என்பதே அப்பாடம்.

குவளைக்குள் நூடுல்ஸை இடுவதிலும் இடர் வந்தது. அடியில் கிடந்தால் உடைந்தது, சீராக வேகவுமில்லை. அதனைக் குவளையின் நடுவில் தொங்குமாறு இறுக்கி நிறுத்தினர். ஆயினும் மேலிருந்து போடுங்கால் சாய்ந்தது. நூடுல்ஸைக் கீழே வைத்துக் குவளையை அதன்மேல் கவிழ்த்தால் என்ன என்னும் எண்ணம் எழவே, அவ்விடரும் தீர்ந்தது. 1971 செப்டம்பர் 18இல் கப் நூடுல் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தொன்று. விலை 100 யென். விலை மிகுதியென்று வியாபாரிகள் மீண்டும் தயங்கினர். 1972 பிப்ரவரியில் கருயிசாவா மலைப்பகுதியில் ஆயுதந் தாங்கிய தீவிரவாதிகள் ஒரு விடுதியில் புகுந்து ஒரு பெண்ணைப் பிணையாகப் பிடித்துக்கொண்டனர். கடும் பனியில் காவல் நின்ற போலீசார் ஆவி பறக்கும் கப் நூடுலை உண்பதைத் தொலைக்காட்சி வாயிலாக நாடே கண்டது. அதன்பின் விற்பனைக்குத் தடையில்லை.

எல்லா முயற்சியும் வென்றதில்லை. 1975இல் அரிசியைக்கொண்டு அவ்வாறே ஓருணவு செய்யப் பெரும்பொருள் செலவிட்டார். விலை கட்டுப்படியாகாமல் மக்கள் அதனை வாங்கவில்லை. பிடிவாதமின்றி அதனை விட்டொழித்தார். பிடிக்க வேண்டியதைப் பிடித்தலும் விடவேண்டியதை விடுதலும் ஒருவரிடமே காணப்படுதல் அரிது.

காரமும் கலந்தது

இவ்வுணவு தான் சென்ற நாட்டின் நாவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. கொரியாவில் 1963இல் சம்யாங் என்னும் நிறுவனம் ஜப்பானியரிடம் செய்முறை கற்று அங்கும் இதனைத் தொடங்கியது. 1986இல் வெளிவந்த ஷின் ராம்யுன் முதலியவற்றால், மிளகாய் மிகுந்த சிவந்த சாறே அந்நாட்டு நூடுல்ஸின் அடையாளமாயிற்று. நம் நாட்டில் 1983 முதல் மாகி நூடுல்ஸ் பரவியது. ஆண்டோவின் நிறுவனமும் பின்னர் டாப் ராமென் என்னும் பெயருடன் வந்தது. இன்று நம் ஊர்ப் பெட்டிக்கடைகளிலும் இப்பொட்டலங்கள் தொங்குகின்றன.

மலிவான ஒரு பொட்டலத்தைக் காரமான ராமெனாக்கும் முறையை ஈண்டுச் சொல்லாது விடின் இச்சரிதம் நிறைவுறாது. வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, நான்கு பல் பூண்டையும் சிறிது இஞ்சியையும் நறுக்கியிட்டு, மெல்லிய தீயில் வதக்குக. பொன்னிறம் வரும்பொழுது ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளை இட்டு உடனே கிளறுக. தீ மிகுந்தால் தூள் கருகிக் கசக்கும். மிளகாயின் உறைப்பும் நிறமும் நீரினும் எண்ணெயிலேயே நன்கு கரையுமாதலின், எண்ணெயில் முதலில் இடுதல் இன்றியமையாதது. பின்னர் இரண்டு குவளை நீர் விட்டுக் கொதிக்கவைத்து, நூடுல்ஸை இட்டு மூன்று நிமிடம் வேகவிடுக. பொட்டலத்திலுள்ள பொடியில் பாதியே போதும். ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்காது மூடி, வெள்ளைக்கரு உறைந்தவுடன் இறக்குக. வெங்காயத்தாளைத் தூவி, எலுமிச்சைச் சாறு சில துளி விடுக. செலவு சிறிது, உழைப்பு பத்து நிமிடத்திற்கும் குறைவு.

பொடியில் பாதி என்று சொன்னதற்குக் காரணம் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஒரு பொட்டலத்திலேயே அதில் பெரும்பங்கு அடங்கிவிடுதல் உண்டு. ஆண்டோ வகுத்த ஐந்து இலக்கணங்களுள் கடைசியானதை மெய்யாக்கும் பொறுப்பு ஓரளவு நம்மையும் சார்ந்தது. ஆபத்துக்குதவும் உணவை நாள்தோறும் உண்ணும் உணவாக்கிக்கொண்டு, பின்னர் நோய்க்கு அதனை நோதல் முறையன்று. முட்டையும் கீரையும் காய்கறியும் உடனிருப்பின் இது குறையில்லா உணவாம்.

இறுதிக் காலம்

முதுமையிலும் ஆண்டோ ஓய்ந்திலர். விண்வெளியில் உண்ணத்தக்க ராமென் ஒன்றைச் செய்வித்தார். எடையற்ற வெளியில் சாறு சிதறாதவாறு அதனைக் குழம்பாக்கியும், நூடுல்ஸை வாய்க்கேற்ற சிறு உருண்டைகளாக்கியும் அமைத்தனர். 2005இல் டிஸ்கவரி விண்கலத்தில் சென்ற ஜப்பானிய வீரர் சோயிச்சி நொகுச்சி அதனை உடன்கொண்டு சென்றார். அப்பொழுது ஆண்டோவுக்கு வயது தொண்ணூற்றைந்து. தாம் கண்ட உணவைத் தாமே ஏறக்குறைய நாள்தோறும் உண்டு வந்தார். 2007ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில், ஈக்கேடாவில் மாரடைப்பால் உயிர் நீத்தார். எல்லாம் இழந்து நின்ற அதே நகரே அவருக்கு இறுதி இடமுமாயிற்று. அங்குள்ள காட்சிச்சாலையில் அவரது பழைய குடிசையைப் போன்றே ஒன்றை அமைத்து வைத்திருக்கின்றனர்.

2023ஆம் ஆண்டில் உலக மக்கள் உண்ட இவ்வகை நூடுல்ஸ் ஏறக்குறைய 12,000 கோடி வேளைக்குரியது என்று அத்தொழிலோரின் உலக சங்கம் கணக்கிட்டுள்ளது. நிலநடுக்கமும் வெள்ளமும் வந்தவிடங்களில் முதலில் சென்று சேரும் பொருள்களுள் இதுவும் ஒன்று.

ஆண்டோ தொழிலால் பெரும்பொருள் ஈட்டினார். அதனால் அவரை ஈகையாளர் வரிசையில் வைக்கலாகாது என்பார் உளர். நாமும் அவரைத் துறவியென்று கூறவில்லை. ஆனால் ஒன்று: கள்ளச் சந்தையில் நடுங்கி நின்ற வரிசையைக் கண்டவர் அன்று ஆயிரக்கணக்கானோர் இருந்திருப்பர். இரங்கியவர்களும் பலராயிருப்பர். அக்காட்சியைப் பன்னிரண்டு ஆண்டு நெஞ்சில் வைத்திருந்து, தாமே வறியவரான காலத்திலும் அதற்கு விடை தேடியவர் அவர். இரக்கம் கண்ணீரோடு நின்றுவிடாமல், மாவும் எண்ணெயும் தீயுமாக உருவெடுத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

தேர்வில் ஒருமுறை தவறினால் வாழ்வே முடிந்தது என எண்ணும் நண்பர் நம்மிடையே உளர். நாற்பத்தெட்டாம் வயதில் தம் வாழ்வின் பெருந்தொழிலைத் தொடங்கிய இம்முதியவரை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. மலிவான உணவை உண்ண நாணுவோரும் எண்ணிப் பார்ப்பார்களாக. ஓராண்டின் உறக்கம் அச்சிறு பொட்டலத்தின் விலையாகக் கொடுக்கப்பட்டது. நாம் கொடுப்பது சில காசுகளே.